எட்டு நண்பர்கள், மூன்று இரவு, ஒரு பெருநகரம்: எதை முதலில் முடிவு செய்வது?

தெருமுனை:
வணக்கம். நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஆண்கள், பழைய நண்பர்கள். வெள்ளி மாலை கிளம்பி விமானத்தில் ஒரு பெருநகரத்துக்குப் போய், மூன்று இரவு தங்கி, திங்கள் காலை திரும்பலாம் என்று எண்ணம். வாட்ஸ்அப் குழுவில் பேச்சு மட்டும் ஓடுகிறது, எதுவும் முடிவாகவில்லை. ஒருவர் ஒரு ஊரைச் சொன்னால் அடுத்தவர் வேறு ஊரைச் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே வசதி கிடையாது. மூன்று பேர் மது அருந்துவதில்லை. வீடு எடுப்பதா, ஹோட்டல் அறைகளா? டிக்கெட்டை ஒருவரே மொத்தமாக எடுக்கலாமா? கடைசி நேரத்தில் யாராவது விலகினால் அவர் பங்கு என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முடிச்சுமூட்டை:
தம்பி, ஊரைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். முதலில் தேதி, அடுத்து தொகை, மூன்றாவதாக விலகும் விதி. இந்த மூன்றும் முடிந்தால் ஊர் தானாக அமையும். தலைகீழாகப் போவதால்தான் உங்கள் குழுவில் பேச்சு நகரவில்லை.

தேதி: "எப்போது வசதி?" என்று கேட்காதீர்கள். மூன்று வார இறுதிகளை மட்டும் வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் போடுங்கள், ஒருவர் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கலாம் என்ற வசதியோடு. இரண்டு நாள் கெடு. வாக்களிக்காதவருக்கு எந்தத் தேதியும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்பதை முன்பே எழுதிவிடுங்கள். எட்டுப் பேரும் ஒத்துவரும் வார இறுதி கிடைப்பது அரிது. ஆறு பேர் ஒத்துவந்தாலே அந்தத் தேதியை உறுதி செய்யலாம்.

தொகை: இதைக் குழுவில் கேட்கவே கூடாது. முதலில் வாய் திறப்பவர் ஒரு பெரிய எண்ணைச் சொல்வார், மற்றவர்கள் கூச்சத்தில் தலையாட்டுவார்கள், பிறகு ஒவ்வொருவராகக் காரணம் சொல்லி விலகுவார்கள். ஒருங்கிணைப்பவர் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: "டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து உன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்?" வந்த எண்களில் சராசரியை எடுக்காதீர்கள். மிகக் குறைந்த எண்தான் பொதுச் செலவுக்கு வரம்பு. யார் சொன்ன எண் என்பது வெளியே தெரிய வேண்டாம். கூடுதலாகச் செலவழிக்க விரும்புபவர் தன் சொந்தப் பொழுதில் செய்துகொள்ளட்டும்.

விலகும் விதி: செலவை இரண்டாகப் பிரியுங்கள். தங்குமிடம், வாடகை வேன் இவை நிலையான செலவு. ஆள் குறைந்தாலும் தொகை குறையாது. நுழைவுச் சீட்டு, சாப்பாடு தலைக்கு இவ்வளவு. எட்டுப் பேர் பகிரும் வீட்டில் ஒருவர் பங்கு 12.5 சதவீதம். இரண்டு பேர் விலகினால் 16.7 சதவீதம். அதாவது மீதி ஆறு பேருக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே இப்படி எழுதி வையுங்கள்: தங்குமிடத்தைக் கட்டணமின்றி ரத்து செய்யும் கெடுவுக்கு மூன்று நாள் முன்புவரை விலகினால் பிடித்தம் இல்லை, அதற்குப் பிறகு விலகினால் நிலையான செலவின் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும், மாற்று ஆள் தந்தால் தவிர. அந்தக் கெடு பெரும்பாலும் தங்குமிடம் இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் செலுத்தியவர் மட்டுமே வருபவர். "நான் கட்டாயம் வருவேன்" என்ற செய்தியை நம்பி யாரும் தன் கையிலிருந்து முன்பணம் போடக் கூடாது. நல்ல நட்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஊர்: உங்களுக்கு முழுதாகக் கிடைப்பது சனி, ஞாயிறு இரண்டே நாள். வீட்டு வாசலிலிருந்து அறை வாசல்வரை ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவதில் இரண்டை மட்டும் வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

இறக்கைநுனி:
டிக்கெட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எட்டுப் பேருக்கு ஒரே தடவையில் தேடினால் விலை கூடுதலாகக் காட்டக்கூடும். ஒரே விமானத்தில் ஒரே வகுப்பு இருக்கைகளே பல கட்டண அடுக்குகளாக விற்கப்படுகின்றன. மலிவான அடுக்கில் ஐந்து இடம்தான் மிச்சம் என்றால், எட்டுப் பேருக்குத் தேடும்போது பல தளங்கள் எட்டுப் பேருக்கும் அடுத்த அடுக்கின் விலையையே காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எட்டுப் பேருக்குத் தேடுங்கள். விலை மாறினால் ஏழு, ஆறு, ஐந்து என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த எண்ணில் பழைய விலை திரும்புகிறதோ அத்தனை பேருக்கு முதலில் எடுத்துவிட்டு, மீதிப் பேருக்கு உடனே அடுத்த பதிவு. விலை வேறுபாட்டை எட்டாக வகுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பதிவாகப் போனால், விமானம் ரத்தாகும்போது ஒரு பாதியை ஒரு விமானத்திலும் மறுபாதியை வேறு விமானத்திலும் மாற்றிவிடலாம். பதிவு முடிந்ததும் நிறுவனத்தை அழைத்து, இரண்டு பதிவு எண்களையும் ஒன்றோடொன்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் கிடையாது, ஆனாலும் உதவும்.

ஒரே பதிவில் எட்டுப் பேர் இருந்து ஒருவர் மட்டும் விலகினால், அவரைத் தனியே பிரித்த பிறகே ரத்து செய்ய முடியும். இணையத்தில் அந்த வசதி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் செய்ய வேண்டும். அவசரத்தில் ரத்து பொத்தானை அழுத்தினால் மொத்தப் பதிவும் போய்விடக்கூடும்.

இன்னொன்று, ஒரே பதிவில் எடுத்த, போகவும் திரும்பவும் சேர்த்த டிக்கெட்டில் போகும் விமானத்தைத் தவறவிட்டு, "நான் வேறு வழியில் வந்து சேர்கிறேன்" என்று சொல்பவர் கவனிக்க வேண்டும். ஏறாமல் விட்டால் திரும்பும் பயணமும் தானாக ரத்தாவது வழக்கம்.

பெயரை அடையாள ஆவணத்தில் உள்ளபடியே எழுதுங்கள். எட்டுப் பேரின் விவரத்தையும் வாய்ச்சொல்லாகக் கேட்டுத் தட்டச்சு செய்யாமல், ஆவணத்தின் படத்தை வாங்கிப் பார்த்து நிரப்புங்கள், வேலை முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். முன்னெழுத்தை விரிப்பதா வேண்டாமா என்ற குழப்பம் இங்கேதான் வரும். வெளிநாடு என்றால், பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கும். இதைத் தேதி முடிவான அன்றே எல்லோரும் பார்த்துவிட வேண்டும்.

நான்குசுவர்:
வீடா, ஹோட்டலா? ஆள் எண்ணிக்கை உறுதி என்றால் வீடு, சந்தேகம் என்றால் ஹோட்டல். இரட்டைப் படுக்கை அறைகள் நான்கு எடுத்தால், இருவர் விலகும்போது ஓர் அறையை மட்டும் ரத்து செய்துவிடலாம். வீட்டை அப்படிப் பாதியாக்க முடியாது.

வீடு என்றால் "எட்டுப் பேர் தங்கலாம்" என்ற வரியை நம்பாதீர்கள். படுக்கைகளை நீங்களே எண்ணுங்கள். கூடத்து சோபாவை விரித்து இருவர் படுப்பதையும் சேர்த்தே எட்டு என்று போட்டிருப்பார்கள். அங்கே படுப்பவர் கடைசி ஆள் தூங்கும்வரை தூங்க முடியாது, முதல் ஆள் எழுந்ததும் எழ வேண்டும். எட்டுத் தனிக் கட்டில், அல்லது சோபாவில் படுப்பவருக்குக் குறைந்த பங்கு. இரண்டில் ஒன்றை முன்பே பேசுங்கள்.

கட்டிலை விடக் கழிவறை முக்கியம். ஒருவருக்கு 15 நிமிடம் என்றால், ஒரே குளியலறையில் எட்டுப் பேர் தயாராக இரண்டு மணி நேரம். இரண்டு இருந்தால் ஒரு மணி நேரம். ஒரே குளியலறை உள்ள வீடு எவ்வளவு மலிவானாலும் எட்டுப் பேருக்கு வேண்டாம்.

ஆண்கள் மட்டும் என்பதை உரிமையாளருக்கு முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். சிலர் மறுப்பார்கள், வாசலில் போய் நின்று மறுக்கப்படுவதை விட அது மேல். வாடகை வீடுகளைப் பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பி 2022 முதல் தன் வீடுகளில் கொண்டாட்டக் கூத்துகளை நிரந்தரமாகத் தடை செய்திருக்கிறது. விருந்தினருக்கு முன்பே தெரிவித்துவிட்டுப் பொது இடத்தில் ஒலி அளவைக் கவனிக்கும் கருவி வைக்கவும் உரிமையாளருக்கு அனுமதி உண்டு. வீட்டு விதிகளில் அமைதி நேரம் என்று போட்டிருந்தால் அது பால்கனிக்கும் சேர்த்துத்தான். எட்டு ஆண்கள் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஹோட்டலில் அறைக்கு ஒரு கார்டு கொடுங்கள். பிணைத்தொகையை ஒருவரே நான்கு அறைக்கும் கொடுத்தால், டெபிட் கார்டாக இருக்கும் பட்சத்தில் அவர் கணக்கிலுள்ள பணம் அறையைக் காலி செய்த பிறகும் சில நாள் முடங்கிக் கிடக்கும்.

குறட்டை விடுபவர்களை ஒரே அறையில் போடுங்கள். இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவதில் தவறில்லை.

தெருமுனை:
மிக்க நன்றி அண்ணன்மார்களே. தேதி வாக்கெடுப்பை இன்றே போட்டுவிட்டேன். குடிக்காதவர்கள் பங்கையும், அங்கே போன பிறகு தினசரிக் கணக்கையும் எப்படிக் கையாள்வது? எட்டுப் பேரும் எப்போதும் சேர்ந்தே சுற்ற வேண்டுமா?

வரவுசெலவு:
கணக்குக்கு ஒருவர், வழிநடத்த வேறொருவர். இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டாதீர்கள்.

மதுவை எட்டால் வகுக்கவே கூடாது. உணவகத்தில் உட்காரும்போதே இரண்டு பில் கேளுங்கள்: உணவுக்கு ஒன்று, மதுவுக்கு ஒன்று. சாப்பிட்டு முடித்த பிறகு பிரிக்கச் சொன்னால் பல இடங்களில் முடியாது என்பார்கள். பெரிய குழுக்களுக்குச் சில உணவகங்கள் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடும், ஆறு பேர் என்பது வழக்கமான எல்லை. அதைப் பார்க்காமல் மேலும் டிப்ஸ் வைத்தால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும்.

செலவைப் பங்கிட்டுக் கணக்கு வைக்கும் ஸ்ப்ளிட்வைஸ் போன்ற செயலியில் பணம் கொடுத்த அந்த நிமிடமே பதியுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து பதிவதில்தான் தகராறு. யார் யார் பங்கு பெற்றார்கள் என்பதையும் ஒவ்வொரு பதிவிலும் குறிக்க வேண்டும். கடன்களைச் சுருக்கும் வசதியை இயக்கிவிட்டால், எட்டுப் பேர் கணக்கு அதிகபட்சம் ஏழு பரிமாற்றத்தில் தீர்ந்துவிடும். திரும்பும் விமானத்துக்குக் காத்திருக்கும்போதே தீர்த்துவிடுங்கள். ஊர் சேர்ந்துவிட்டால் இழுபறிதான்.

தண்ணீர், நகரப் பேருந்து போன்ற சில்லறைச் செலவுக்கு மட்டும் ஒரு பொதுப் பணப்பை. அதற்கு எல்லோரும் சம அளவு போடுங்கள்.

வெளிநாடு என்றால் கார்டு இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்கும். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் கடைக்காரர் தரப்பு மாற்று விகிதம் வைக்கும், அது பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்.

நடைவாசி:
எப்போதும் சேர்ந்தே சுற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாளுக்கு ஒரு நிகழ்ச்சி மட்டும் எல்லோருக்கும் பொது: பகலில் ஒரு விளையாட்டுப் போட்டி, அல்லது இரவுச் சாப்பாடு. மீதி நேரத்தில் மூன்று நான்கு பேராகப் பிரிந்து விருப்பப்படி போகலாம். காரணம் எளிது. எட்டுப் பேர் ஓரிடத்திலிருந்து கிளம்ப ஒவ்வொரு முறையும் 15 நிமிடமாவது போகும்: ஒருவர் கழிவறையில், ஒருவர் தொலைபேசியில், ஒருவர் தண்ணீர் வாங்க. ஐந்து இடம் மாறினால் ஒன்றேகால் மணி நேரம் வெறும் காத்திருப்பு. ஆகவே ஒரு நாளுக்கு ஒரு பகுதி. நகரின் இரு முனைகளையும் ஒரே நாளில் கோக்காதீர்கள்.

சாதாரணக் கார் டாக்சியில் நான்கு பேர்தான். எட்டுப் பேருக்கு இரண்டு வண்டி, ஒவ்வொன்றிலும் முகவரி தெரிந்த ஒருவர். மெட்ரோவில் கார்டைத் தட்டிப் போகும் ஊர் என்றால் ஆளுக்கொரு கார்டு வேண்டும், நுழையும்போது தட்டியதையே வெளியேறும்போதும் தட்ட வேண்டும். உள்ளே கார்டு, வெளியே அதே கார்டைச் சேர்த்த தொலைபேசி என்று மாற்றினால் இரண்டு முடியாத பயணமாகப் பதிவாகி அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடலாம்.

சந்திக்கும் இடம் "ஸ்டேஷன் வாசல்" என்றால் போதாது. பெரிய நிலையத்துக்கு வாசல் பல. வாசல் எண்ணைச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டோம், வராதவர் அடுத்த இடத்துக்கு நேராக வரட்டும் என்று பேசி வையுங்கள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை எட்டு மணி நேரம்வரை பகிரலாம், மாலை கிளம்பும்போது எல்லோரும் போட்டுவிட்டால் தேடும் வேலை இல்லை. கூகுள் மேப்ஸில் நகர வரைபடத்தை முன்பே இறக்கி வைப்பது நல்லதுதான், ஆனால் இணையம் இல்லாமல் அது கார் வழியை மட்டுமே காட்டும், பேருந்து ரயில் வழியும் நடைவழியும் கிடைக்காது. தங்குமிட முகவரியைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பையில் அனுமதி இல்லை. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட் மணி, வழக்கமான எல்லையான 100க்குள் வரும். எண் அழிந்துபோன பழையதைக் கொண்டுபோனால் சோதனையில் பறித்துவிடக்கூடும்.

அருங்காட்சியகம் உண்டென்றால் விடுமுறை நாளைப் பாருங்கள். பல ஊர்களில் திங்கள், பாரிஸின் லூவர் செவ்வாய். நேரம் குறித்த நுழைவுச் சீட்டு எட்டு ஒரே நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் அரை மணி இடைவெளியில் நான்கு நான்காக எடுங்கள். உணவகத்திலும் எட்டுப் பேர் மேசை இல்லையென்றால் நான்கு பேர் மேசை இரண்டு கேளுங்கள், கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

நான்குசுவர்:
ஒன்று விட்டுப்போயிற்று. வெள்ளி இரவு நேரம் கழித்துச் சேர்வீர்கள் என்றால் சாவி எப்படிக் கிடைக்கும் என்று இப்போதே கேளுங்கள்: வரவேற்பில் ஆள் இருப்பாரா, எண் பூட்டா, கடைசி நேரம் எது? எண் பூட்டு என்றால் குறியீட்டை ஒருவர் மட்டும் வைத்திருக்காமல் எட்டுப் பேருக்கும் அனுப்புங்கள். விமானம் தாமதமானால் வரமாட்டீர்கள் என்று எண்ணி அறையை விட்டுக்கொடுத்துவிடாமல் இருக்க, ஏறுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.