மறு: கவுன்டர்ஃபாக்சுவல் – 'எதிர்மெய்மை' சரிப்படுமா?

வணக்கம். ஒரு திட்டம் வராமலே இருந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான் திட்ட மதிப்பீட்டில் 'கவுன்டர்ஃபாக்சுவல்' (counterfactual) என்கிறோம். விக்சனரி இணைய அகராதிக்காக அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'எதிர்மெய்மை' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லின் இரண்டு பாதியும் வந்துவிடுகிறதே.

வந்துவிடுகிறது ஐயா, பொருள்தான் வரவில்லை. மெய்க்கு எதிர் பொய். வறுமை ஒழிப்புத் திட்ட மதிப்பீட்டில் 'எதிர்மெய்மையைக் கணக்கிட்டோம்' என்று எழுதினால், கள்ளக் கணக்கு எழுதியதாகத்தான் எங்கள் ஊர்ப் பக்கம் படிப்பார்கள்.

என் முன்மொழிவு 'இன்றேல்நிலை'. சொல் கிடைத்தது நீடாமங்கலம் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில். நூறு நாள் வேலை பற்றிய கணக்கெடுப்பு. மண்வெட்டியோடு கரையேறிய அக்கா ஒருவரிடம், திட்டத்துக்கு முன் வருமானம் எவ்வளவு, பின் எவ்வளவு என்று கேட்டோம். "முன்னாடி ஆத்துல நேரத்துக்குத் தண்ணி வந்துச்சு, இப்ப வரல. எதை எதோட பாப்பீங்க? இந்த வேலை இல்லாட்டி நான் திருப்பூருக்குல்ல போயிருப்பேன், அதை எழுதிக்கங்க" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்த 'இல்லாட்டி'தான் எழுத்தில் 'இன்றேல்'. அவர் சொன்னதும் நியாயம்தான். 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போனால் நடவுக் கூலியும் போகும். வெறுமனே முன்னும் பின்னும் பார்த்தால், திட்டம் வந்துதான் ஏழையானார்கள் என்றுகூட விடை வரும்!

சரி, 'ஒப்பீட்டுக் குழு' போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போதாது. ஒப்பீட்டுக் குழு என்பது திட்டத்தில் சேராத, கண்ணெதிரே இருக்கும் ஆட்கள். இன்றேல்நிலையை யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாளாகத்தான் அவர்களை நிறுத்துகிறோம். பதிலாள் சரியாக அமையாமலும் போகும். வேலைக்கு வராத பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தினால், வெயிலில் மண் வெட்ட வருகிறவரும் அவரும் முதலிலேயே ஒரே நிலையில் இல்லை.

மாவட்டக் கணக்கிலும் இதே கதை. நாகப்பட்டினத்துக்கு நூறு நாள் திட்டம் 2006-இல் வந்தது, தஞ்சாவூருக்கு 2007-இல். அப்போது அடுத்தடுத்த மாவட்டம், ஒரு வருஷ இடைவெளி, வாகான ஒப்பீடு என்று தோன்றும். ஆனால் 2004 சுனாமியில் நாகை பட்ட அடியும், அப்புறம் வந்த நிவாரணமும் தஞ்சையில் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே தஞ்சையை நாகையின் இன்றேல்நிலையாகக் கொள்ள முடியாது. இந்த வாக்கியத்தில் 'எதிர்மெய்மை'யைப் போட்டுப் படித்துப் பாருங்கள்.

'இன்றேல்' ஏற்கெனவே கணினி நிரலாக்கத்தில் 'எல்ஸ்' (else) என்ற கட்டளைச் சொல்லுக்குப் போய்விட்டதே என்பார்கள். 'நிலை' ஒட்டியிருப்பதால் குழம்பாது என்று நினைக்கிறேன். சேர்த்து எழுதுவதா பிரித்தா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. விக்சனரியில் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள்.