நனைந்தாலும் விழுந்தாலும் தாங்கும் சின்னக் கேமராக்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலை, ஓடை, மழை என்று சுற்றுகிறவர்களில் நிறையப் பேருக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. கையில் நல்ல ஃபோன் இருக்கும்போது 'டஃப்' கேமரா ஒன்று தனியாக எதற்கு? நான் சில வருடங்களாக ஒலிம்பஸ் டிஜி-6 வைத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோனை வெளியே எடுக்கவே மனசு வராத இடங்களுக்கு நீங்கள் அடிக்கடி போவீர்கள் என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

படத்தின் தரத்துக்காக இதை வாங்குவதில் அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு, ரொம்பச் சின்னது: 1/2.33 அங்குல வகை, 12 மெகாபிக்சல். வெயிலில் படம் நன்றாகவே வரும். சாயங்காலம் மரங்களுக்கு நடுவே போய்விட்டால் நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். அந்த நேரத்தில் ஃபோன் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தெளிவான படம் கொடுத்துவிடுகிறது. ஜூமும் 4 மடங்குதான். உட்கார்ந்திருக்கும் பறவையை நெருக்கமாக எடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் மழையில் நின்று ஃபோனில் படம் எடுத்துப் பாருங்கள். திரையில் துளி விழுந்தால் அதுவாகவே ஏதோ ஒரு பட்டனை அழுத்திவிடும். நம் ஈர விரல் பட்டால் எதுவும் நடக்காது. இந்தக் கேமராவில் நிஜமான பட்டன்கள் இருக்கின்றன. கையுறையோடும் அழுத்தலாம், சேற்றுக் கையோடும் அழுத்தலாம். பாறையில் ஏறும்போது இரண்டு கையும் தேவைப்பட்டால் மணிக்கட்டுப் பட்டையில் அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஏறுகிறேன். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 100 கிலோ பாரம் அழுத்தினாலும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. முட்டி மோதிய தழும்புகள் என் கேமராவில் நிறைய. வேலை செய்வதில் ஒரு குறையும் இல்லை.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் மைக்ராஸ்கோப் மோட். லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். ஒருமுறை தூறலில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அசுவினிக் கூட்டம், நடுவே ஒரு எறும்பு. எறும்பு தன் உணர்கொம்பால் ஒரு அசுவினியின் முதுகை மெல்லத் தட்டுகிறது. அதன் பின்புறத்திலிருந்து தேன்துளி ஒன்று திரண்டு வருகிறது, எறும்பு குடிக்கிறது. கேமராவின் சின்னத் திரையில் எறும்பின் காலில் இருந்த முடிகள்கூடத் தெரிந்தன. அவ்வளவு பக்கத்தில் போனால் கேமராவின் நிழலே பூச்சியின் மேல் விழும். அதற்காக லென்ஸைச் சுற்றி மாட்டும் எல்இடி லைட் கைடு வளையம் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. பூச்சி எடுக்கிறவர்கள் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ரிக்கோ டபிள்யூஜி-6 மாடலில் லென்ஸைச் சுற்றி 6 எல்இடி விளக்குகள் கேமராவிலேயே இருக்கின்றன.

மழையில் எடுக்கும்போது ஒன்றை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸ் கண்ணாடியில் துளி நிற்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் பலமாக ஊதினாலே போய்விடும். விட்டுவிட்டால் படத்தின் நடுவே வெள்ளை மங்கல் விழும், பிறகு சரிசெய்யவே முடியாது.

*

அண்ணா, மலைப்பக்கம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கடல் பக்கம் நான் சொல்கிறேன். மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு கடல் மேல் மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்லிங்குக்குப் போகும்போதெல்லாம் என் கையில் இந்த மாதிரி கேமராதான்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆழக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். டிஜி-6க்கு 15 மீட்டர், டபிள்யூஜி-6க்கு 20, நிக்கான் டபிள்யூ300க்கு 30. ஸ்நார்க்லிங்கில் நாம் பெரும்பாலும் மேலேயேதான் மிதக்கிறோம், அதற்கு 15 தாராளம். காற்று உருளையோடு ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் கவனியுங்கள். முதல் நிலைப் பயிற்சியிலேயே 18 மீட்டர் வரை இறங்க அனுமதி உண்டு. அங்கே 15 மீட்டர் கேமராவை ஹவுசிங் என்ற தனி நீர்புகாப் பெட்டி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. கேமராவைக் கையில் பிடித்தபடி படகிலிருந்து குதிப்பதும் வேண்டாம். தண்ணீரில் மோதும் அந்தக் கணத்தில் பேட்டரி மூடியின் மேல் சட்டென்று அழுத்தம் ஏறும். முதலில் நீங்கள் இறங்குங்கள், கேமராவை அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் புகுந்து கேமரா போய்விட்டது என்று சொன்ன நண்பர் ஒருவருடைய கேமராவை வாங்கிப் பார்த்தேன். பேட்டரி மூடியைத் திறந்தால், ரப்பர் வளையத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி. அதன் இரு பக்கமும் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. இத்தனை கெட்டியான உடம்பையும் காப்பது அந்த மெல்லிய ரப்பர்தான். ஒரு மணல் துகள் போதும், ஒரு முடி போதும். அதனால் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து, காலி மெமரி கார்டு போட்டு, மூடியைத் துடைத்து, பூட்டையும் தள்ளிவிட்டு அறையிலேயே தயாராகிவிடுகிறேன். கடற்கரையிலோ படகிலோ மூடியைத் திறப்பதே இல்லை.

திரும்பி வந்ததும் மூடி பூட்டியிருக்கும்போதே நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஒவ்வொரு பட்டனையும் சில முறை அழுத்திவிடுங்கள். இடுக்கில் இருக்கும் உப்பு கரைந்து வெளியே வந்துவிடும். குழாயைத் திறந்து வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். நிழலில் நன்றாகக் காயவைத்துவிட்டு அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும். வெயிலில் சூடேறிக் கிடந்த கேமராவை அப்படியே தண்ணீரில் போடுவதும் ஆபத்து. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கப் பார்க்கும்.

அப்புறம் நிறம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு நிற மீன்கூடச் சாம்பலாகத் தெரியும். 'அண்டர்வாட்டர்' மோட் அதை ஓரளவு மீட்டுக்கொடுக்கும். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் வீட்டில் உட்கார்ந்து இன்னும் நன்றாகத் திருத்தலாம். எது எப்படியோ, மீனுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறீர்களோ அவ்வளவு நிறம் கிடைக்கும்.

இந்தக் கேமராக்கள் மிதக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் மிதவைப் பட்டை ஒன்று மாட்டுங்கள். உங்கள் கேமராவின் எடையைத் தாங்குகிறதா என்று வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

*

நான் போவது பனிப் பிரதேசங்களுக்கு. டிஜி-6 மைனஸ் 10 டிகிரி வரை இயங்கும் என்கிறார்கள், என் அனுபவத்தில் கேமராவின் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரிதான் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். இன்னொரு பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். குளிரிலிருந்து அறைக்குள் வருவதற்கு முன்னால் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது. அறைச் சூட்டுக்கு அது பழகும் வரை பையையும் திறக்காதீர்கள், மூடியையும் திறக்காதீர்கள்.

*

தங்கை சொன்ன தலைமுடி விஷயம் எல்லோரும் படிக்க வேண்டியது. இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன்.

கொசு விரட்டி தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள். அதில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். அட்டைக்கடிக்குப் பயந்து காலெல்லாம் தடவிக்கொண்டு நடக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

பழைய கேமரா வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: காட்டுக்கும் மழைக்கும் வாங்கலாம். தண்ணீருக்குள் கொண்டுபோக என்றால், முதலில் மூடியைத் திறந்து டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். வெடிப்போ நசுங்கலோ இருக்கக் கூடாது. ஒலிம்பஸ் அந்த ரப்பரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. விற்பவர் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். மாற்றவே இல்லை என்றால், மாற்றித் தர ஆள் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள். பலமாகக் கீழே விழுந்த கேமராவென்றால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், நான் அதைத் தண்ணீருக்குள் இறக்க மாட்டேன்.