புதுப்பிப்பு: லினக்ஸ் மின்ட்டில் டி டிரைவில் சேமிக்க முடியாத சிக்கல் தீர்ந்தது

விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தையும் போட்டதும் டி டிரைவில் கோப்பு திறக்கிறது, சேமிக்க முடியவில்லை என்று கேட்டிருந்தேன். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. கணினியைச் சீக்கிரம் தொடங்க வைக்கும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதிதான் காரணம். அது இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, அரைத் தூக்கம்தான். அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் கெடும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் விடுகிறது. நியாயமான முன்னெச்சரிக்கை, மின்ட்டைத் திட்டிப் பயனில்லை.

விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன் பற்றிய இணைப்பைத் திறந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக்கை எடுக்கணும். டிக் கட்டம் மங்கலாக இருந்தால், மேலே நிர்வாகிக் கேடயம் போட்ட வரியை முதலில் அழுத்துங்கள். பிறகு ஒருமுறை ஷட் டவுன் செய்துவிட்டே மின்ட்டுக்குள் போகணும். அவசரத்துக்கு ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் போதும். ஆனால் அது அந்த ஒரு தடவைக்குத்தான்.

பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.