பாதிப் பேர் முங்கணும், பாதிப் பேர் மணல்ல படுக்கணும்: நீங்க எந்த பீச் போனீங்க, என்ன ஆச்சு?

அல்சூர் அகிலா:
நாங்க 11 பேர். 5 பேருக்கு ஸ்நார்கலிங் (மாஸ்க் போட்டு மிதந்து மீன் பார்க்கிறது), மீதி 6 பேருக்கு மணலும் நிழலும் இருந்தா போதும். பெங்களூர்ல யாரைக் கேட்டாலும் முருடேஸ்வர்னுதான் சொல்றாங்க, கார்வார் ரயில்ல ராத்திரி ஏறினா காலையில இறங்கிடலாம். நாங்களும் அதேதான். அங்கேருந்து படகுல போற நேத்ராணி தீவுல என்ன இருக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். மீன் பார்த்தோம், நல்லா இருந்துச்சு.

எனக்கு உறுத்துறது திரும்பி வந்த நேரம். "12 மணிக்குள்ள வந்துடுவோம் அத்தை"ன்னு சொல்லிட்டுப் போனேன். கரையில கால் வெச்சப்போ ரெண்டேகால். கோயில், கோபுரத்து லிஃப்ட், 123 அடி சிவன் எல்லாத்தையும் அவங்க காலையிலயே பார்த்து முடிச்சிருக்காங்க. மத்தவங்க வெயில் தாங்காம ரூமுக்குப் போய்ட்டாங்க. என் மாமியார் மட்டும் கரையில இழுத்துப் போட்டிருந்த ஒரு மீன்பிடி படகோட நிழல்ல, முந்தானையைத் தலைக்குப் போட்டு உக்காந்திருந்தாங்க. நிழல் நகர நகர அவங்களும் நகர்ந்திருக்காங்க, மணல்ல அந்தத் தடம் அப்படியே இருந்துச்சு. மடியில ஒரு கட்டைப்பை. உள்ள எங்க 5 பேரோட செருப்பு. யாராவது தூக்கிட்டுப் போய்டுவாங்கன்னு எடுத்து வெச்சிருக்காங்க. கோவமா ஒரு வார்த்தை சொல்லலை. ரெண்டு திட்டு திட்டியிருந்தாங்கன்னா நான் இதை அன்னிக்கே மறந்திருப்பேன்.

கே.ஆர்.புரம் கார்த்தி:
அக்கா, உங்க அத்தை கரையில இருந்தாங்களே, அதுவே புண்ணியம். நான் "தனியா விட்டுட்டுப் போகக் கூடாது"ன்னு மாமாவையும் படகுல ஏத்திட்டேன். போறப்போ ஒண்ணும் தெரியலை. நங்கூரம் போட்டு நின்னப்போதான் ஆட்டமே ஆரம்பிச்சுது. தீவுல இறங்கி உக்காரலாம்னு மனுஷன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ரெடியா இருந்தார். அங்க எங்க இறங்குறது? பீச்சே கிடையாது, பாறைதான். நேவிக்காரங்க சுட்டுப் பழகின தீவு அது.

நான் தண்ணிக்குள்ள இருக்கேன். திடீர்னு முகத்துக்கு நேரா ஒரே மீன் கூட்டம், மஞ்சள்ல கறுப்பு வரி, 100-க்கு மேல இருக்கும். ஜென்மத்துல அப்படி ஒரு காட்சி பார்த்ததில்லை. தலையைத் தூக்கினா, மேல மாமா படகு விளிம்பைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சிருக்கார். காலையில சாப்பிட்ட மங்களூர் பன்ஸ் மொத்தமும் மீனுக்கு. இன்னிக்கும் அந்த வீடியோவைப் பார்க்கிறவங்க "என்ன போட்டு வரவெச்சே?"ன்னு கேக்குறாங்க. மாமா பக்கத்துல உக்காந்திருப்பார்.

சர்ஜாபுரம் சித்தப்பா:
இருவரும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே தப்பு. என் அனுபவம், அந்தமானின் நீல் தீவு, குடும்பத்தோடு 8 பேர், எல்லாம் நன்றாகவே நடந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

பவளம் வளர வெயில் இறங்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். கர்நாடகக் கரையில் காளி, சராவதி என்று ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரையோரம் கலங்கல். அதனால்தான் முருடேஸ்வரிலிருந்து மீன் பார்க்கச் சுமார் 19 கிலோமீட்டர் கடலுக்குள் போகிறோம். கோகர்ணா ஓம் பீச்சிலும் இதே கதை. படுக்க அருமை, மாஸ்க் போட்டால் உங்கள் கைதான் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கரையை ஒட்டியே பவளம் உள்ள தீவுக்குத்தான் போக வேண்டும். லட்சத்தீவுக்கு பெர்மிட் வாங்க வேண்டும். அந்தமானில் நாம் வழக்கமாகப் போகும் தீவுகளுக்கு வேண்டியதில்லை.

அங்கேயும் ஏமாறாதீர்கள். ஹேவ்லாக் தீவில் ராதாநகர் பீச் படுப்பதற்கு. மணலும் மர நிழலும் உண்டு, பவளம் கிடையாது. எலிஃபண்ட் பீச் மீனுக்கு. படகுக்காரர் கூப்பிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும், படுக்க நேரமில்லை. நீலில் பரத்பூர் மட்டும்தான் இரண்டுக்கும் ஒத்து வரும். ஒருவர் மணலில் இளநீர் குடித்தபடி மற்றவர் முங்குவதைப் பார்க்கலாம். 2018-ல் நீலுக்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிக்கெட்டில் குழம்ப வேண்டாம்.

நாள் குறிக்கப் பஞ்சாங்கம் பாருங்கள். சாஸ்திரத்துக்காக இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்காமல் முழுக்கை டீ-ஷர்ட் போடுங்கள். மீசை வைத்திருப்பவர்களுக்கு மாஸ்க்கில் தண்ணீர் கசியும். மீசையை எடுக்க மனமில்லாதவர்கள் மேலுதட்டில் வாசலின் தடவலாம்.

விஜயநகர் வித்யா:
சார், அவங்க சனி ஞாயிறு கதை சொல்றாங்க, நீங்க ஃப்ளைட் ஏத்தி அனுப்புறீங்க. யாரும் கேக்கவும் இல்லை.

அந்த பரத்பூரும் பாதிக் கதைதான். நாங்க போனது பௌர்ணமிக்கு மறுநாள். தண்ணி வத்திப் போய் முழங்கால்கூட இல்லை. "நான் மணல்லயே இருக்கேன்"னு வந்த எங்க அப்பா, இவ்வளவுதானா ஆழம்னு ரப்பர் செருப்போட உள்ள நடந்துட்டார். கறுக், கறுக்னு சத்தம். அப்பளம் நொறுங்குற மாதிரி. நான் கத்துறதுக்கு முன்னாடி ஒரு படகுக்காரர் தமிழ்லயே "ஐயா நிக்காதீங்க! ஐயா நகராதீங்க!"ன்னு ரெண்டையும் சேர்த்துக் கத்தினார். அப்பா ஒத்தைக் கால்ல கொக்கு மாதிரி நின்னார். இன்னொரு காலை எங்க வெச்சாலும் அதே சத்தம் வரும்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு.

முங்கப் போன நாங்க 3 பேரும் மிதந்தோம், ஒண்ணையும் தொடலை. மிதிச்சது படுக்க வந்தவர். கட்டிப் பவளமெல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெருசாம், வீட்டுக்கு வந்தப்புறம் படிச்சேன். அப்பாகிட்ட சொல்லலை. எங்க வீட்டுல அப்பளம் பொரிச்சா எனக்கு மட்டும் அந்த ஞாபகம் வருது.

சர்ஜாபுரம் சித்தப்பா:
அதற்குத்தான் அஷ்டமி என்று எழுதினேன்.

கே.ஆர்.புரம் கார்த்தி:
மீசைக்கு வாசலின் வரைக்கும் சொன்ன சித்தப்பா, வாந்தி மாத்திரையை விட்டுட்டீங்களே! படகு ஏறுறதுக்கு முன்னாடியே போடணுமாம். குமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டா மாத்திரையும் மீனுக்குத்தான், மாமா போட்டுப் பார்த்தார்.

அல்சூர் அகிலா:
மறுபடி ஜனவரியில போறதா பேச்சு. அன்னிக்கு ரூமுக்குப் போன 2 பேர் இப்பவே வரலைன்னுட்டாங்க. மாமியார் சிவாஜிநகர் போய் ஒரு மடக்கு நாற்காலியும் பெரிய குடையும் பேரம் பேசி வாங்கிட்டு வந்துட்டாங்க. பீச்தான் இன்னும் முடிவாகலை.