ரீஷஃபிள்: ‘கலைத்தல்’ வேண்டாம், ‘மறுபங்கீடு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆட்சி மாறாமல் அமைச்சர்களையும் அவர்களின் இலாகாக்களையும் மாற்றியமைப்பதை ஆங்கிலத்தில் ‘கேபினட் ரீஷஃபிள்’ என்கிறார்கள். நம் அரசியல் சொற்பட்டியலுக்காக அதற்கு ‘அமைச்சரவைக் கலைத்தடுக்கு’ என்று நண்பர் ஒருவர் முன்வைத்த சொல்லை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சீட்டுக்கட்டைக் கலைத்து மறுபடி அடுக்குவது என்ற ஆங்கில மூலத்தை நண்பர் சரியாகப் பிடித்திருக்கிறார். உழைத்து உருவாக்கிய சொல் என்பதும் தெரிகிறது. ஆனாலும் இது பட்டியலில் ஏறக் கூடாது என்றே நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சீட்டாட்டத்தில் கலைத்தால் அடுத்த ஆட்டம் தொடங்குகிறது. நம் அரசியல் பேச்சில் கலைத்தால் ஆட்டமே முடிந்துபோகிறது. 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை தமிழ்நாட்டில், குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் அரசமைப்புச் சட்டத்தின் 356ஆம் பிரிவின்கீழ் ஆட்சி ‘கலைக்கப்பட்டது’. சட்டமன்றக் கலைப்பு, நாடாளுமன்றக் கலைப்பு, ஆட்சிக் கலைப்பு என்று அந்தச் சொல் ஒரே பொருளில் இறுகிவிட்டது. இனி ‘கலை’ என்ற வினையை அமைச்சரவையோடு சேர்த்து எழுதினால், வாசகர் அதில் சீட்டுக்கட்டைப் பார்க்கமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தி மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்தேன். ‘பிரதமர் இந்த வார இறுதியில் அமைச்சரவையைக் கலைக்கவிருக்கிறார்’ என்று முதல் வரி. அரசு கவிழப்போகிறது போலிருக்கிறது என்று மூலத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு அமைச்சர்கள் இலாகா மாறுகிறார்கள், புதிதாக ஒருவர் வருகிறார், அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் தன் கையிலிருந்த சொற்பட்டியலைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். அவரைக் குறைசொல்லி என்ன பயன்? பட்டியல் போடுகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘அமைச்சரவை மாற்றம்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தலைப்புச் செய்திக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று செயல்கள் அடைந்துகிடக்கின்றன: இருப்பவர்கள் இலாகா மாறுவது, சிலர் வெளியேறுவது, சிலர் புதிதாக உள்ளே வருவது. 2021 ஜூலை 7 அன்று ஒன்றிய அரசில் மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. 12 அமைச்சர்கள் விலகினார்கள். 43 பேர் பதவியேற்றார்கள். அந்த 43 பேரில் 36 பேர்தான் புதியவர்கள். மற்ற 7 பேர் ஏற்கெனவே அமைச்சர்களாக இருந்து பதவி உயர்ந்தவர்கள். இலாகா மட்டும் மாறியவர்கள் மறுபடி பதவியேற்கத் தேவையில்லை என்பதால், அந்த எண்ணிக்கையில் அவர்கள் வரவே இல்லை. ஆட்களைச் சேர்ப்பதற்கு ‘விரிவாக்கம்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. விலக்குவதற்கு ‘நீக்கம்’ இருக்கிறது. இலாகாக்கள் கைமாறுவதற்குத்தான் தனிச்சொல் வேண்டும்.

இங்கேதான் ‘மறுபங்கீடு’ என்பதை முன்வைக்கிறேன். நம் செய்தி மொழியிலேயே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். தனிப் பெரும்பான்மையுள்ள கட்சியின் முதல்வர் இலாகாக்களைக் கொடுத்தால் ‘இலாகா ஒதுக்கீடு’ என்கிறோம். பல கட்சிகள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டால் ‘இலாகா பங்கீடு’ என்கிறோம். ஒதுக்குவது ஒரு கை, பங்கிடுவது பல கை. தொகுதிப் பங்கீடு, நதிநீர்ப் பங்கீடு எல்லாவற்றிலும் இதே தொனிதான். யாரும் உட்கார்ந்து வகுக்காமல் தானாக வந்த இந்த வேறுபாட்டை நாம் விடக் கூடாது.

அரசமைப்புச் சட்டத்தின் 75ஆம் பிரிவைப் படித்தால், பிரதமரின் ஆலோசனையின்பேரில் குடியரசுத் தலைவர் மற்ற அமைச்சர்களை நியமிக்கிறார் என்றுதான் இருக்கிறது. ஏட்டளவில் எல்லாமே ஒதுக்கீடுதான். பெரும்பான்மையில்லாத அரசில் நடப்பது வேறு. 1996 ஜூனில் தேவகவுடா தலைமையில் ஐக்கிய முன்னணி அரசு அமைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தி.மு.க.வும் தமிழ் மாநில காங்கிரசும் தெலுங்கு தேசமும் அமைச்சரவைக்குள் இருந்தன. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா உள்துறையை ஏற்றார். மார்க்சிஸ்ட் கட்சி வெளியிலிருந்து ஆதரித்தது. 140 இடம் வைத்திருந்த காங்கிரசும் வெளியிலேயே நின்றது. உள்ளே இருந்தவர்களுக்குள் பங்கீடு நடந்தது. ஆனால் அரசின் உயிர் வெளியே நின்றவர்களிடம் இருந்தது.

1997 நவம்பரில் அது வெளிப்படையாகவே தெரிந்தது. ராஜீவ் காந்தி கொலையை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்க வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. தேவகவுடாவுக்குப் பின் பிரதமரான குஜ்ராலும் ஐக்கிய முன்னணியும் மறுத்துவிட்டார்கள். ஆதரவு போனது, நவம்பர் 28 அன்று குஜ்ரால் விலகினார். அமைச்சரவையில் ஓர் இடம்கூட இல்லாத கட்சி, அதில் யார் இருக்கலாம் என்று சொல்கிறது. சீட்டைக் கலைக்கும் ஒற்றைக் கை இந்தக் காட்சியில் எங்கே இருக்கிறது? ‘கலைத்தடுக்கு’ எனக்கு ஒட்டாமல் போவதற்கு இதுதான் முதன்மைக் காரணம். மொழிக்கும் ஒவ்வாமல், நடப்புக்கும் ஒவ்வாமல் நிற்கிறது அது.

இன்னொன்று. அரசமைப்புச் சட்டத்தின் 91ஆம் திருத்தத்துக்குப் பிறகு, பிரதமரையும் சேர்த்து அமைச்சர்களின் எண்ணிக்கை மக்களவை உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 543 உறுப்பினர்களுக்கு 81 பேர். 234 பேர் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 35 பேர். முன்பெல்லாம் புதிய ஆதரவாளருக்கு ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டுவிடலாம். இப்போது அந்த வரம்பைத் தொட்டுவிட்டால், ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். பங்கு என்ற சொல்லின் கனம் இதனால் கூடியிருக்கிறது.

‘அமைச்சரவை அமைப்பு’ என்பதையும் ‘மறுபங்கீடு’ என்பதையும் எங்கே பிரிப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1997 ஏப்ரலே இதற்கும் பதில் தருகிறது. தேவகவுடா அரசு ஏப்ரல் 11 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. 21ஆம் தேதி குஜ்ரால் பதவியேற்றார். அமைச்சர்களோ பெரும்பாலும் அதே முகங்கள். பார்ப்பதற்கு இலாகா மாற்றம் போலவே இருக்கும். ஆனால் பிரதமர் விலகியதும் அமைச்சரவை முழுவதும் போய்விடுகிறது, வருவது புதிய அமைச்சரவை. ஆகவே இது ‘அமைப்பு’. தமிழ் மாநில காங்கிரஸ் முதலில் சேரவில்லை. நிதித்துறையைக் குஜ்ராலே சில நாள் வைத்திருந்தார். மே 1 அன்று ப. சிதம்பரம் திரும்ப வந்து அதை ஏற்றார். அந்த மே 1 மாற்றத்தை விரிவாக்கம் என்றும் சொல்லலாம், மறுபங்கீடு என்றும் சொல்லலாம். பிரதமர் அதே ஆளாகத் தொடர்கிறாரா என்பதுதான் எல்லைக்கோடு.

அப்புறம் ‘கான்ஃபிடென்ஸ் அண்ட் சப்ளை’. ‘நம்பிக்கை மற்றும் வழங்கல்’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. வழங்கல் என்றதும் குடிமைப் பொருள் வழங்கல் துறைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே சப்ளை என்பது அரசு நடத்தத் தேவையான பணத்துக்கு அவை தரும் ஒப்புதல். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதி வாக்கெடுப்பிலும் காப்பாற்றுவோம், மற்றதில் எங்கள் விருப்பம் என்பதே அந்த உடன்பாடு. 2017இல் பிரிட்டனில் 317 இடங்களோடு நின்ற தெரசா மே அரசுக்கு வட அயர்லாந்துக் கட்சியான டி.யு.பி.யின் 10 உறுப்பினர்கள் அப்படித்தான் கை கொடுத்தார்கள். கனடாவில் 2022 மார்ச் முதல் 2024 செப்டம்பர் வரை லிபரல் அரசுக்குப் புதிய ஜனநாயகக் கட்சி கொடுத்ததும் இதே வகை. ‘நம்பிக்கை–நிதி உடன்பாடு’ என்று வைத்தால் செயல் அப்படியே விளங்கும். ‘மானியம்’ என்று போடலாமே என்றால், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை என்பது சரியான சொல்தான். ஆனால் வெளியே எல்லோருக்கும் மானியம் என்றால் சலுகைப் பணம். எழுதப்படாத உடன்பாட்டுக்கு ‘வெளியிலிருந்து ஆதரவு’ என்ற தொடரே போதும், அதைச் சுருக்கப் புதுச்சொல் தேட வேண்டாம்.

அவையில் பெரும்பான்மை இல்லாமல் நடக்கும் அரசைக் குறிக்கும் ‘சிறுபான்மை அரசு’ பற்றிச் சுருக்கமாக. சிறுபான்மையினர் என்றால் நமக்கு மொழி, சமயம் சார்ந்த மக்கள். இலங்கை வாசகர்களுக்கு இது இன்னும் அழுத்தமான சொல். ‘மைனாரிட்டி அரசு’ என்று போடலாமா என்றால், 2006இல் 96 இடங்களோடு தி.மு.க. அமைத்த ஆட்சியை ஜெயலலிதா ஐந்தாண்டும் அப்படித்தான் அழைத்தார். அந்தக் காரம் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பெரும்பான்மையில்லா அரசு’ நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. என் வாக்கு அதற்கே.

‘இலாகா’ வேற்றுமொழிச் சொல், ‘துறை’ என்றே எழுதலாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. துறை நிலையாக இருப்பது. அமைச்சர் கைக்கு வந்து போவது இலாகா. 1950இல் நேரு அமைச்சரவையில் ராஜாஜி சில மாதம் இலாகா இல்லாத அமைச்சராக இருந்தார் என்று எழுதினால் யாருக்கும் புரியும். ‘பொறுப்பில்லாத அமைச்சர்’ என்று எழுதிப் பாருங்கள், பொருளே கெட்டுவிடும்.

பட்டியலுக்கான பதிவை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘இலாகா மறுபங்கீடு – பிரதமரோ முதல்வரோ மாறாமல், அமைச்சர்களிடையிலோ ஆளும் கட்சிகளிடையிலோ இலாகாக்கள் கைமாறுதல்.’ தனிக்கட்சிப் பெரும்பான்மை அரசுக்கு ‘மறுஒதுக்கீடு’ என்று அடுத்த வரியில் சேர்க்கலாம். வினையாகப் பயன்படுத்தும்போது ‘மறுபங்கிட்டார்’ என்பதா, ‘மறுபங்கீடு செய்தார்’ என்பதா என்று மட்டும் முடிவாகவில்லை. முன்னது எனக்குப் பிடிக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.