ஊசி குத்திவிட்டது, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கலாமா?

பாலக்கோடு ஆய்வகப் பணியாளர்:
வணக்கம். பாலக்கோட்டில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். இன்று காலை பத்தரை மணிக்கு, ஒருவருக்கு இரத்தம் எடுத்து முடித்து ஊசிக்கு மூடி போடும்போது அது கையுறையைத் துளைத்து என் ஆள்காட்டி விரலில் ஆழமாகவே இறங்கிவிட்டது. உடனே சோப்புப் போட்டுக் கழுவினேன். அவருக்கு எச்.ஐ.வி. உண்டா என்பது தெரியாது. வெறும் சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான் வந்திருந்தார், வீட்டுக்கும் போய்விட்டார். நிலையத்தை நடத்துபவரோ, "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டார். இப்போது இரவு ஒன்பது மணி. இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை வேறு சாப்பிட்டு வருகிறேன். தேவையில்லாமல் 28 நாள் மருந்து எடுத்து உடம்பைக் கெடுத்துக்கொள்வேனோ என்ற பயமும், எடுக்காமல் விட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் சேர்ந்து வாட்டுகின்றன.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி:
தங்கச்சி, நீங்கள் இரண்டு முடிவுகளை ஒன்றாக்கிக் குழம்புகிறீர்கள். 28 நாளும் சாப்பிடுவதா என்பதை இன்றிரவே தீர்மானிக்க வேண்டியதில்லை; முதல் மாத்திரையைப் போடுவதா என்பதுதான் இன்றைய கேள்வி. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது கடைசி எல்லையே தவிர, அதுவரை காத்திருக்கலாம் என்று பொருளில்லை. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது, உங்களுக்கு ஏற்கெனவே பத்து மணி நேரம் கடந்துவிட்டது. ஆகவே காலையில் ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) திறக்கட்டும் என்று இராமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்போதே புறப்படுங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை இதற்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ஆறு மணி நேரம் முன்போ எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாக ஏறாது.

கிருஷ்ணகிரி வாசகர்:
பயத்தைக் கூட்ட விரும்பாமல் ஒன்று சொல்கிறேன். எச்.ஐ.வி. இருப்பது உறுதியான ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும், தொற்று வருவது சராசரியாக ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். இவருடைய நிலையோ தெரியவே இல்லை. அந்த நோயாளியையே அழைத்துப் பரிசோதித்துவிட்டால் முடிந்ததே, மாத்திரை எதற்கு?

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி:
கணக்கு சரிதான் ஐயா, ஆனால் அது எல்லா ஊசிக்காயங்களுக்குமான சராசரி. இங்கே உள்ளீடற்ற ஊசி, இரத்தக்குழாயிலிருந்து அப்போதுதான் எடுத்தது, ஆழமான குத்து. மூன்றுமே அபாயத்தைக் கூட்டுபவை. நோயாளியை அழைப்பது மிக நல்லது. ஆனால் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி விளக்கம் சொல்லி அவருடைய ஒப்புதலைப் பெற்றுத்தான் பரிசோதிக்க வேண்டும். ஆய்வகத்தில் மீதமிருக்கும் இரத்தத்தில் அவருக்குத் தெரியாமல் சோதிக்கக் கூடாது. அவர் சம்மதித்து, முடிவு 'இல்லை' என்று வந்தால், அண்மையில் தொற்று ஏற்பட்டிருக்க வாய்ப்பில்லை என்றால், மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். இரண்டு நாள் மாத்திரையால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது. தங்கச்சி, மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறீர்களா? ஊசிக்குத்தில் அந்த நோய் எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஓசூர் மருத்துவமனை ஊழியர்:
நான் முழு 28 நாளும் சாப்பிட்டவன். முதல் வாரம் குமட்டலும் தூக்கக் குறைவும் இருந்தன. மாத்திரையைக் காலைக்கு மாற்றிய பிறகு தூக்கம் சரியானது. தொடக்கத்தில் எடுக்கும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்; இன்றைய நிலையைப் பதிவு செய்ய அது வேண்டும். பிறகு ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசமாகப் பார்க்கலாம். அதுவரை ஆணுறை அவசியம், இரத்ததானமும் கூடாது. மனம் அலைபாய்ந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

பாலக்கோடு ஆய்வகப் பணியாளர்:
அண்ணனுடைய வண்டியில் தருமபுரிக்கு வந்து முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், இரத்தமும் எடுத்தார்கள். தடுப்பூசி இரண்டு தவணைதான் போட்டிருக்கிறேன் என்பது இங்கே கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது, அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். அந்த நோயாளியிடம் நாளை காலை நானே நேரில் போய்ப் பேசப் போகிறேன்.