புதுப்பிப்பு: டிரினிடாட் கார்னிவல் வௌவால் உடை, இறக்கை இப்போது நிற்கிறது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: கரீபியன் தீவான டிரினிடாடில் நடக்கும் கார்னிவல் என்ற வேடத் திருவிழாவின் பழைய வேடங்களில் ஒன்றான வௌவாலை மகளுக்காக அட்டைப்பெட்டியில் செய்தேன், இறக்கை மடிந்து விழுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அட்டையை இரண்டு அடுக்காக ஒட்டிப் பார்த்தேன். பாரம் கூடி இன்னும் தொங்கியது. கைகொடுத்தது நீங்கள் சொன்ன கம்பி யோசனைதான். பழைய கம்பி ஹேங்கர் நான்கை நிமிர்த்தி, விரல் எலும்பு மாதிரி விரித்துக் கட்டினேன். டிரினிடாடில் கம்பி வளைப்பது தனிக் கலை, பெரிய உடைகளைத் தாங்குவதே அதுதான். மேலே கிழிந்த கறுப்புக் குடைத் துணி. அதன் ஓரம் ஏற்கெனவே வளைந்திருப்பதால் வௌவால் இறக்கை தானாகவே அமைந்துவிட்டது, இதை எதிர்பார்க்கவே இல்லை!

ஒரு எச்சரிக்கை: கம்பி முனை தோளில் குத்தியது. முனையை மடக்கிப் பழைய சாக்ஸ் சுற்றிவிடுங்கள்.

அப்புறம், தாளத்துக்கு பிஸ்கட் டின் போதும். ஸ்டீல்பேன் (எண்ணெய் டிரம்மில் செய்யும் டிரினிடாட் இசைக்கருவி) உருவான தொடக்கத்தில் அங்கேயும் பிஸ்கட் டின்னையும் பெயின்ட் டப்பாவையும்தான் தட்டினார்கள். கார்னிவல் நாட்களான, திருநீற்றுப் புதனுக்கு (கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் நாள்) முந்தைய திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மொட்டைமாடியில் ஆடினாள். இறக்கை அசையவில்லை.